இலைக்கடியில் இருந்த ஒற்றைத் துட்டு

எளாவூர்ச் சாலையோரத்தில் வண்டியும் எருதுகளுமாகச் சீரோடு வாழ்கிறவரும், எனக்குச் சம்பந்தியாக வரப்போகிறவரும், நேற்று மத்தியானம் வரை அப்படித்தான் என்று நான் நம்பியிருந்தவருமான சடையன் அவர்களுக்கு, பழவேற்காட்டை அடுத்த கோட்டைக்குப்பத்துத் தேசப்பன் கைகூப்பிச் சொல்லிக்கொள்வது. இவ்விடத்தில் நானும் என் மகள் காசியம்மாளும் பேத்தி பச்சையம்மாவும் தோணியும் வலையும் சுகம். அவ்விடத்தில் தாங்களும் தங்கள் மகன் சின்னதம்பியும் தங்கள் தாயாரும் எருதுகளும் சுகமென்று நம்புகிறேன். தங்கள் தாயாருக்கு முழங்கால் வலி குறைந்ததா என்று தனியாகக் கேட்டதாகச் சொல்லவும்.

நாள் போட வேண்டும் என்கிறார் இதை எழுதுகிற தருமலிங்கம். எனக்கு எழுத்தும் தெரியாது, வருஷத்தின் பேரும் வாயில் நிற்காது. ஆனால் கண்ணால் பார்த்தது எதுவும் என்னை விட்டுப் போனதில்லை. ஆகையால் இப்படிப் போடச் சொன்னேன்: கோட்டையில் ஒல்லாந்தர் கொடி இறங்கி இங்கிலீசுக்காரர் கொடி ஏறி, அப்புறம் அவர்களுக்குள் என்னவோ பேசிக்கொண்டு மறுபடியும் ஒல்லாந்தர் கொடியே ஏறி, ஏறின கொடி பழைய கயிறு அறுந்து கோட்டைச் சமையற்காரன் தலையில் விழுந்ததே, அந்த வருஷம்; ஏரியின் முகத்துவாரம் யாரும் வெட்டாமல் தானாக உடைத்துக்கொண்ட வருஷம்; தங்கள் செவலை எருது சுங்கச் சாவடியில் நின்றவரை முட்டி, அவர் கணக்கு வாங்காமலே வண்டியை விட்ட வருஷம்; அதில் கார்த்திகை மாதம், வாடைக் காற்று எழும்பின மறுநாள். இதற்கு மேல் சரியாக எந்தப் பஞ்சாங்கக்காரரும் சொல்ல முடியாது.

விஷயம் என்னவென்றால், போன மாதம் நீங்கள் ஒரு வண்டிச் சனத்தோடு பெண் பார்க்க வந்தீர்கள். எங்களுக்கு வீடும் கடையும் ஒன்றே. என் மருமகன் கடலோடு போன பிறகு காசியம்மாள் கோட்டை அகழிக்கு எதிரே போட்ட சோற்றுக்கடைதான் எங்களுக்குக் கூடம், அடுப்படி, மாடம் எல்லாம். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு உங்களுக்கே இலை போட்டோம். நண்டுக் குழம்பும் இறால் வறுவலும் செய்தோம். பச்சையம்மாதான் பரிமாறினாள். நீங்கள் சாப்பிட்டு, தாம்பூலம் மாற்றிக்கொண்டு, தை பிறந்ததும் கல்யாணம் என்று சொல்லி, மாட்டைப் பூட்டிக்கொண்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனீர்கள். நான் வண்டி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே திரும்பினால் பச்சையம்மா ஒரு கையில் உங்கள் எச்சில் இலையைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறாள். இலை இருந்த இடத்தில், நண்டுக் குழம்பில் ஒட்டிக்கொண்டு, ஒரு துட்டு.

சடையன் அவர்களே, நீங்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் வண்டிக்காரர். காளத்தி வரைக்கும் சரக்கு ஏற்றிப் போகிறவர். வழியில் சாப்பிடுகிற இடத்திலெல்லாம் பரிமாறுகிறவர் கைக்கு ஏதாவது வைத்துவிட்டு எழுந்து பழகிவிட்டீர்கள். எங்கள் கடையிலும் வைக்கிறார்கள். பக்சீசு என்று அதற்குப் பேர். கோட்டைத் துபாஷி எப்போதும் அடுத்த முறை வைக்கிறேன் என்று வாக்கை வைத்துவிட்டுப் போவார். கப்பல்காரர்கள் போதையில் சட்டைப் பித்தானை வைத்துவிட்டு மறுநாள் வந்து சட்டை திறந்திருக்கத் தேடுவார்கள். பீரங்கி துடைக்கிற ஒல்லாந்தன் ஒருத்தன் இருக்கிறான், மூக்கு மட்டும் சமைத்த இறால் நிறம், அவன் தினமும் தனியாக வந்து கவிழ்த்த பீப்பாய் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு துட்டு வைத்து, தன் தலையைத் தானே ஒரு தரம் ஆட்டிக்கொண்டு போவான். அவர்கள் எல்லாம் அந்நியர்கள். வைக்கலாம். எவ்வளவு வைத்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் கரையின் வழக்கம் உங்களுக்கு மறந்திருக்கும். உங்கள் பாட்டனார் காலத்திலேயே ஏரியை விட்டு மாட்டுப் பக்கம் போனவர்கள் நீங்கள். இங்கே கரைவலை இழுக்கும்போது வழிப்போக்கன் ஒருத்தன் வந்து கயிற்றில் கை வைத்தால், வலை ஏறினதும் அவனுக்கு ஒரு கை மீன் அள்ளிக் கொடுப்போம். அதோடு தீர்ந்தது. அவன் யாரோ, நாங்கள் யாரோ. சொந்தக்காரன் கயிறு இழுத்தால் அவனுக்கு அந்த ஒரு கை மீன் கிடையாது. ஏனென்றால் அவன் வீட்டுக்கு வந்து அதைக் குழம்பாகவே சாப்பிடுவான். சொந்தக்காரனிடம் போய் ஒரு கை மீனை நீட்டினால், இனிமேல் என் வீட்டுக் குழம்புக்கு வராதே என்று அர்த்தம். இரண்டு பருவத்துக்கு முன்னால் இங்கே ஒரு தம்பி தன் அண்ணனிடம் ஒரு கை காரப்பொடி மீனை நீட்டினான். அவ்வளவுதான். பாகம் பிரிக்கப் பஞ்சாயத்தே கூடவில்லை. சும்மா நடுவில் வேலி வைத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் நீங்கள் கல்யாணப் பெண் கைக்கே பக்சீசு வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. பச்சையம்மா அந்தத் துட்டைக் கழுவவும் இல்லை, எடுத்துப் பெட்டியில் போடவும் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். காசியம்மாள் மனசு நல்ல மனசு, அவள் சொன்னாள்:

"ஏன்டி, அவரு வெச்சாருன்னு நீ ஏன் எடுத்துக்கிற? இடுப்புலேர்ந்து நழுவி வுழுந்திருக்கும். வண்டிக்காரருக்கு வேட்டி ஒரு எடத்துல நிக்குமா?"

"நழுவி வுழுந்தது தானா போய் இலைக்கு அடியில ஒளிஞ்சிக்கிச்சாம்மா?" என்றாள் பச்சையம்மா.

காசியம்மாள் கேட்கவில்லை. தவற விட்ட பொருளைத் திருப்பித் தரவேண்டும் என்று, ஒரு கந்தல் துணியில் அதை முடிந்து, நீங்கள் அடுத்த முறை வந்தால் கண்ணில் படட்டும் என்று வாசல் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டாள். மறுநாள் ஒரு கப்பல்காரன் வந்து இது இன்னா என்று சைகையில் கேட்டான். இவள் வானத்தையும் எளாவூர்த் திசையையும் காட்டி என்னவோ சொன்னாள். அவன் தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடி, அதில் ஒரு காசு போட்டுவிட்டுப் போனான். அதைப் பார்த்து இன்னொருத்தன் போட்டான். வெற்றிலைக்காரி வந்து முடிச்சுக்குக் குங்குமம் வைத்தாள். வாரம் முடிவதற்குள் உங்கள் துட்டு குட்டி போட்டுக் குட்டி போட்டுக் கம்பமே சாய்கிற அளவுக்கு ஆகிவிட்டது. காலையில் கடை திறக்க வந்தால் வாசலில் யாரோ தேங்காய் உடைத்திருக்கிறார்கள். சாமி எந்தச் சாமி என்று கேட்டால் எளாவூரான் என்கிறார்கள். நான் கும்பிடுகிறவர்களைத் தடுக்கிறவன் இல்லை. ஆனாலும் சடையன் அவர்களே, நீங்கள் உயிரோடு இருக்கும்போதே உங்களுக்கு இது நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகையால் முடிச்சை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தால் எது உங்கள் துட்டு என்று தெரிய வேண்டுமே. பச்சையம்மா வந்து ஒரே பார்வையில் குழம்புக் கறை படிந்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள். அதை மட்டும் உங்களிடம் சேர்த்துவிட்டு, மற்றதைக் கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்துவிட்டோம்.

சேர்த்துவிடச் சொல்லித் தோணிக்காரன் சந்தியாகுவிடம் கொடுத்தேன். என் பிழை அதுதான் என்று தருமலிங்கம் சொல்கிறார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. நான் சந்தியாகுவுக்கு முழுசாகச் சொல்லி அனுப்பினேன்: "பொண்ணு வூட்ல ஒரு கொறையும் இல்ல. சொந்தத்துக்குள்ள இது வேணாம்னு திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க. தையில கல்யாணம் தையிலதான்." சந்தியாகு தலையாட்டினான். ஆனால் அவன் துடுப்பு போடுகிறவன், காற்று எதிரே அடித்தால் பாரத்தை வழியிலேயே குறைத்துவிடுகிறவன். அவன் எளாவூர்க் கரையில் இறங்கி, உங்கள் வண்டியடிக்கு வந்து, உங்கள் கையில் துட்டை வைத்து, என்ன சொன்னான் என்று நேற்று அவன் வாயாலேயே கேட்டேன். "பொண்ணு வூட்ல திருப்பிக் குடுக்கச் சொன்னாங்கன்னேன். அவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. நான் வந்துட்டேன்" என்றான்.

"தையில கல்யாணம்னு சொன்னியா?"

"அத்த நீ இங்கயே சொல்லிட்டியே, மறுபடி இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன்."

அதன் பலனாக நேற்று மத்தியானம் அதே சந்தியாகுவின் தோணியில் நாங்கள் கொடுத்த தாம்பூலத் தேங்காயும் பாக்கும் மஞ்சளும் திரும்பி வந்து சேர்ந்தன. கொண்டுவந்து இறக்கிவிட்டு அவன் போகவில்லை. வாசற்படியில் நின்று தலையைச் சொறிந்தான். நான் இருக்கிற நிலைமையில் அவனைக் கவனிக்கவில்லை. அவன் சொன்னான், "தேசப்பா, போகச்சே ஒரு வாட்டி துடுப்பு போட்டேன், வரச்சே ஒரு வாட்டி போட்டேன். நான் உனுக்குச் சொந்தமா, கூலியா? அதையாவது சொல்லு, நான் அதுக்குத் தக்க மாதிரி கோவிச்சிக்கிறேன்." உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டேன். இரண்டு இலை சாப்பிட்டான்.

இப்போது அந்தத் தேங்காய் எங்கள் அரிசிப் பானைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. கல்யாணத் தேங்காயைக் குழம்புக்கு உடைக்க முடியாது, வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது. காசியம்மாள் அதைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள். பச்சையம்மா அழவில்லை, அது இன்னும் மோசம். சோறு குழைகிறது, குழம்பில் உப்பு இருக்கிற நாளில் புளி இல்லை. சிவந்த மூக்கன் நேற்று ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், கோட்டைப் பீரங்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனாலும் இரண்டு துட்டு வைத்துவிட்டுத்தான் போனான்.

இந்தக் கோபத்துக்கு இந்தக் கரையில் முன்னமே ஒரு வழி உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த ஓலை. ஒல்லாந்துக் கப்பல் ஒன்று வெளி மணல்திட்டில் தட்டி, கிராம்பு மூட்டைகள் அவிழ்ந்து கரை ஒதுங்கி, ஒரு மாதம் இந்த ஏரியில் பிடித்த நண்டெல்லாம் கிராம்பு மணத்த வருஷம் ஒன்று இருந்தது. நான் அப்போது மீசை முளைத்து அதை முறுக்கத் தெரியாமல் இருந்தவன். அந்த வருஷம் இதே அகழிக்கு எதிரே, ஒரு கிழவி வைத்திருந்த சோற்றுக்கடையில், வண்டிக்காரர் ஒருவர் பெண் கேட்டு வந்து, சரி என்று பேசி முடித்து, சாப்பிட்டு எழுந்தார். பரிமாறினது பெண்தான். வண்டி நாலு முழம் நகர்வதற்குள் அவள் கடையிலிருந்து பாய்ந்து வெளியே வந்தாள். நான் எதிரே வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தேன். கையை ஓங்கி ஒரு துட்டை வீசினாள். அது எருதின் கொம்பில் பட்டுத் தெறித்து மணலில் விழுந்தது.

"இந்தா, உன் மாட்டுக்குப் புல்லு வாங்கிப் போடு!" என்றாள்.

வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கினார். மணலில் தேடி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணம் முறிந்தது என்றே ஊர் பேசியது. மறுநாள் காலை நாங்கள் கரைவலை இழுக்கிறோம், அவர் எருதுகளைப் புன்னை மரத்தில் கட்டிவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தார். பிடிக்கத் தெரியவில்லை. பின்னால் நடக்கத் தெரியாமல் இரண்டு முறை மல்லாந்து விழுந்தார். எருதுகள் அவரைப் பார்த்துக் கத்தின, அவற்றுக்கே வெட்கமாக இருந்திருக்கும். வலை ஏறினதும் எங்கள் வலைத்தலைவர் வழக்கப்படி ஒரு கை மீன் அள்ளி அவரிடம் நீட்டினார். வண்டிக்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மீன் வேணாம் நைனா. கொழம்பு ஊத்துற வூட்ல சாப்ட்டுக்கிறேன்" என்றார்.

கரையே சிரித்தது. கடை வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். சிரித்தாளா என்று நான் பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டாள், ஆனால் உள்ளே இலை போடுகிற சத்தம் கேட்டது. அவர் போய் உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவி, ஒன்றும் வைக்காமல் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டு எழுந்தார். கிராம்பு ஏப்பம். அடுத்த மாதம் கல்யாணம். நானும் பந்தல் கட்டினேன்.

அந்த வண்டிக்காரர் உங்கள் நைனா. அந்தப் பெண் உங்கள் தாயார். அவர்கள் உங்களுக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், பிள்ளைகளிடம் சொல்கிற கதையா இது. ஆனால் நான் பார்த்தவன்.

ஆகையால் சம்பந்தி அவர்களே, எங்கள் பக்கத்தில் பெண் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் சொந்தம் இல்லை என்பதுபோல வைத்துவிட்டுப் போனதைத்தான் வேண்டாம் என்று அனுப்பினோம். வாடை கொஞ்சம் தணிந்ததும் வாருங்கள். கயிறு இழுக்க வேண்டாம், உங்கள் இடுப்பு எனக்குத் தெரியும். வந்து உட்கார்ந்து சாப்பிட்டு, இலையை உங்கள் பக்கமாக மடித்துவிட்டு, கையை வீசிக்கொண்டு எழுந்து போங்கள். ஒரு துட்டு, அரைத் துட்டு, கிழிந்த வெற்றிலை ஒன்றுகூட வைக்காதீர்கள். அதுதான் எங்களுக்கு மரியாதை. தேங்காயை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், எலி தொடவில்லை.

தங்கள் குடும்பம் ஆல் போல் படரவும், எருதுகள் லாடம் தேயாமல் நடக்கவும், சுங்கச் சாவடியில் தங்களைக் கண்டால் கட்டை தானாக உயரவும் கரையில் இருக்கிற அம்மன் துணை நிற்பாள். தங்கள் மகன் சின்னதம்பிக்கு என் ஆசீர்வாதம். தங்கள் தாயாருக்கு என் கும்பிடு.

இப்படிக்கு, எழுதத் தெரியாமல் சொன்ன தேசப்பன். சொன்னதில் வசவு வந்த இடங்களில் வருத்தம் என்று மாற்றி எழுதியவர் தருமலிங்கம்.

ஓலையைக் கட்டப் போகும்போது சேர்த்தது:

எழுதினது சரியா என்று தருமலிங்கத்தை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொன்னேன். அதுதான் செய்திருக்கக் கூடாது. அடுப்படியில் நண்டு கழுவிக்கொண்டிருந்த பச்சையம்மா முழுவதும் கேட்டுவிட்டு, இத்தனை நாளாகத் திறக்காத வாயைத் திறந்து சிரித்தாள்.

"தாத்தா, சொந்தம் இல்லன்னு நான் கோவிச்சிக்கினேன்னு உனுக்கு யாரு சொன்னா?"

"நீதானேடி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற!"

"ஒரு வண்டி சனம் வந்து உக்காந்துச்சு. மூணு வாட்டி சோறு வடிச்சேன். ஆளாளுக்கு நண்டு ஒடைச்சு ஒடைச்சு இந்த ரெண்டு வெரலும் வீங்கிப் போச்சு. அந்தச் செவந்த மூக்கன் ஒண்டியா வந்து ஒரு இலை துன்னுட்டு ரெண்டு துட்டு வெக்கிறான். இவரு அம்மாம் சனத்துக்கும் சேத்து ஒண்ணு! சொந்தம்னா ஒண்ணும் வெக்காத எழுந்து போவட்டும், நான் கேக்கப் போறதில்ல. வெச்சா, வெக்கிற மாதிரி வெக்கணும்."

"அப்போ கல்யாணம்?"

"அத்த யாரு வேணாம்னா? அந்தப் பந்தியிலயே தன் நண்டத் தானே ஒடைச்சிக்கினது அவரு புள்ள ஒருத்தருதான்" என்று சொல்லிவிட்டு நண்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது நான் என்ன செய்ய? ஓலையில் கீறினதை அழிக்க முடியாது. மேலே ஒன்றும் வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன், அது இருக்கட்டும். வைப்பதானால் மூக்கனுக்குக் குறையாமல் வையுங்கள், இதுவும் இருக்கட்டும். எதைச் செய்தாலும் முதலில் வாருங்கள். சந்தியாகு எதிரில் வந்தால் அவனிடம் ஒன்றும் சொல்லி அனுப்பாதீர்கள்.

எனக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது, அதுதான் சோறு இறங்கவிடாமல் செய்கிறது. கிராம்பு வருஷத்தில் நான் பார்த்தது எல்லாம் கடைக்கு வெளியே இருந்துதான். உள்ளே இலைக்கடியில் உங்கள் நைனா எவ்வளவு வைத்தார், வந்த கோபம் சொந்தத்துக்கா, குறைச்சலுக்கா, மறுநாள் ஏப்பத்தோடு வேறு ஏதாவது வைத்துவிட்டு எழுந்தாரா என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! அன்றைக்கு அந்தக் கடைக்குள் இருந்தவர்களில் கடைக்காரக் கிழவி போய்விட்டாள், மூலையில் குடித்துக்கொண்டிருந்த ஒல்லாந்து வைத்தியன் போய்விட்டான், கடனுக்குச் சாப்பிட்ட எண்ணெய்க்காரர் போய்விட்டார், உங்கள் நைனாவும் போய்விட்டார். வரும்போது கேட்டுக்கொண்டு வாருங்கள். கேட்பதற்கு மிச்சம் இருப்பது உங்கள் தாயார் குப்பம்மாள் ஒருத்தர்தான்.